பூ கேட்ட நேரத்தில் வெடித்த பலூன்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு பங்குனி மாதம். கொல்லிமலையில் ஆலத்தூர் நாட்டுப் பக்கம், சோளக்காடு என்கிற ஊரிலிருந்து இன்னும் உள்ளே போகிற ஒரு சின்ன ஊருக்கு நோம்பிக்குப் போயிருந்தேன். நோம்பி என்றால் எங்கள் பக்கம் கோயில் திருவிழா. அன்றைக்கு அந்த ஊரில் அடி வாங்காமல் கீழே இறங்கி வந்ததே என் அதிர்ஷ்டம். அடித்திருந்தாலும் தப்பில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பேளுக்குறிச்சிக்காரி. நீளமான பலூன்களில் காற்றடித்து, முறுக்கி, நாய், கிளி, வாள், கிரீடம் என்று செய்து பிள்ளைகளுக்குக் கொடுப்பதுதான் தொழில். பிறந்தநாள், காதுகுத்து, பள்ளிக்கூட ஆண்டு விழா, கடைத் திறப்பு, பொருட்காட்சி என்று எங்கே பிள்ளைகள் கூடுகிறார்களோ அங்கே நான் இருப்பேன். 'ஊதறதெல்லாம் ஒரு வேலையா' என்று எங்கள் தெருவிலேயே கேட்பவர்கள் உண்டு. ஊதிப் பாருங்கள் என்று ஒன்றை நீட்டுவேன். முகம் சிவந்து, கண் பிதுங்கி, அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நானும் கைப்பம்பு வைத்துத்தான் அடிக்கிறேன், அதை அவர்களிடம் சொல்வதில்லை.

இந்த வேலையில் எனக்கு எதிரி பலூன் வெடிப்பதுதான். காற்றடிக்கும்போது கடைசியில் கொஞ்சம் காற்றில்லாமல் வால் விட வேண்டும். அப்போதுதான் முறுக்க முறுக்க உள்ளே இருக்கிற காற்றுக்கு நகர இடம் இருக்கும். ஆசைப்பட்டு முழுக்க அடித்தால் முறுக்கும்போதே பட்டென்று போய்விடும். ஒன்று வெடித்தால் பக்கத்தில் நாலு பிள்ளை அழும், அவர்கள் அம்மாக்கள் நாலு பேரும் என்னை முறைப்பார்கள். அதனால் என் உடம்பில் ஊக்கு, ஊசி, கூரான மோதிரம் எதுவும் இருக்காது. பிள்ளைகள் தலையில் ஹேர்பின் இருந்தால் அதையும் கழற்றி அம்மாக்காரியிடம் கொடுத்த பிறகுதான் பலூனைக் கையில் கொடுப்பேன்.

அந்த ஊர்ப் பையன்கள் சிலர் திருப்பூரில் வேலை பார்க்கிறார்கள். அங்கே ஏதோ ஒரு விழாவில் என்னைப் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் ஒரு தம்பிதான் போன் செய்தது.

"அக்கா, காலையில நீங்க என்ன வேணா பண்ணுங்க. மத்தியானம் பூ கேக்கற நேரம் மட்டும் பிள்ளைங்க சத்தம் போடாம பாத்துக்கோணும். அதுக்குத்தான் உங்களக் கூப்புடறதே."

பூ கேட்பது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய காரியம் ஏதாவது இருந்தால் சாமியிடம் உத்தரவு கேட்பார்கள். சாமிக் கல்லைக் கழுவி, அந்த ஈரத்தின் மேல் ஒரு பூவை ஒட்டி வைத்துவிட்டு, எல்லோரும் கும்பிட்டுக்கொண்டு நிற்பார்கள். பூ வலப்பக்கம் விழுந்தால் செய்யலாம். இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். விழும்வரை காத்திருக்க வேண்டும். அந்த ஊரில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பூ நிற்கிற நேரத்தில் ஈ எறும்பு சத்தம் கூடக் கூடாது. நடுவில் சத்தம் வந்து கலைந்துவிட்டால் அந்தக் கேள்வி அவ்வளவுதான், அடுத்த நோம்பிக்குத்தான் திரும்பக் கேட்கலாம்.

"அதுக்கென்ன தம்பி, பலூனைக் கையில குடுத்துட்டாக் கப்சிப்புனு உக்காந்துக்குவாங்க" என்று நான் சட்டென்று ஒப்புக்கொண்டேன். எனக்கு எப்போதும் வாய்தான் முன்னால் போகும்.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார், வாடகை இல்லாத நாட்களில் எனக்குத் துணைக்கு வருவார். "ஏம்புள்ள, வெடிக்கிற சாமானத்தக் கையில வெச்சுக்கிட்டு, சத்தமே வராதுன்னு வாக்குக் குடுக்கறயே" என்றார். "வாயைக் கழுவுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

விடிவதற்குள் வண்டியில் கிளம்பி மலைப்பாதையின் அத்தனை வளைவையும் ஏறிப் போய்ச் சேர்ந்தோம். கோபுரம் எல்லாம் இல்லாத சின்னக் கோயில். ஓட்டுக் கூரைக்குக் கீழே ஒரு கல், அதுதான் சாமி. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பலாமரம். பிள்ளைகளை அந்த மரத்தடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். தரையைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. சுற்றிலும் தொட்டாச்சிணுங்கி, அதன் தண்டு முழுக்க முள். கொண்டுபோன தார்ப்பாயை விரித்து, நாலு பக்கமும் கல் வைத்து, "பாயை விட்டு ஒரு பலூனும் கீழே போகக் கூடாது" என்று என் வீட்டுக்காரரைக் காவலுக்கு நிறுத்தினேன்.

காலை நேரம் நன்றாகத்தான் போனது. என்னிடம் இருந்த நாயும் கிளியும் அங்கே யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. ஒரு வாலுப் பையன் "காட்டுப்பன்னி செய்வீங்களா" என்று கேட்டான். நானும் ஏதோ ஒன்றைச் செய்து கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பல்லக் காணோம். இது எங்க கெழங்குக் காட்டுக்கு வர்ற பன்னி இல்லீங்க" என்றான். வெள்ளைப் பலூனில் இரண்டு பல் வளைத்து வைத்துக் கொடுத்ததும்தான் விட்டான். அப்புறம் எல்லோருக்கும் பன்றியேதான் வேண்டும். பாதிப் பேர் பன்றி, பாதிப் பேர் மரவள்ளிக்காட்டுக் காவல் என்று பிரிந்துகொண்டு துரத்தினார்கள். மரத்தடியில் அப்படி ஒரு கூச்சல்.

அந்தக் கூட்டத்தில் மஞ்சள் பாவாடை கட்டிய ஒரு பெண் குழந்தை மட்டும் ஓடவில்லை. நாலரை வயசு இருக்கும். என் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கு என்ன வேணும் கண்ணு" என்றேன். பதில் இல்லை. "எந்தக் கலர் வேணும் சாமி" என்றேன். அதற்கும் இல்லை. கூச்சம் போலிருக்கிறது என்று நானே ஒரு குருவி செய்து கொடுத்தேன். முகம் மலர்ந்து வாங்கிக்கொண்டாள். வாங்கியபிறகும் அங்கேயே இருந்தாள்.

மத்தியானம் நெருங்கியது. பூ கேட்கப் போகிறார்கள், பிள்ளைகளை அடக்க வேண்டும். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. யாரும் கேட்பதாக இல்லை. அப்போதுதான் நான் அந்த அருமையான காரியத்தைச் செய்தேன். மஞ்சள் பாவாடையைத் தூக்கி எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி, "இங்க பாருங்க, இந்தப் பாப்பா எத்தன சமத்து. காலையில இருந்து ஒரு வார்த்தை பேசல. பிள்ளைன்னா இப்படி இருக்கோணும். எல்லாரும் இவளப் பாத்துக் கத்துக்குங்க" என்று கைதட்டச் சொன்னேன். பிள்ளைகளும் தட்டினார்கள். அந்தக் குழந்தையும் மற்றவர்களைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே தட்டினாள்.

தார்ப்பாய் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். என்னைவிடச் சின்னவள். குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டு, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"சமத்து இல்லீங்கக்கா. அவளுக்குக் காது கேக்கறதில்லீங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பேசாத பிள்ளையைப் பேசவில்லை என்று மேடையேற்றிப் பாராட்டியிருக்கிறேன், அதுவும் பெற்றவள் எதிரில். அவளே என் கையைப் பிடித்து உட்காரவைத்து, "உங்களுக்கு எப்படிங்க தெரியும்" என்றாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

சோளக்காட்டில் நடந்த மருத்துவ முகாமில் ஒரு டாக்டரம்மா குழந்தையைப் பார்த்திருக்கிறார். சேலத்துக்குக் கூட்டிப்போய்ச் சோதித்துப் பாருங்கள், கேட்கவில்லை என்றால் அதற்கு ஆபரேஷன் இருக்கிறது, வயசு ஏற ஏறப் பேச்சு வருவது கஷ்டம், தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். அது நடந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. குழந்தையின் அப்பா நம்பவே இல்லை. தட்டைத் தட்டினால் திரும்புகிறாளே என்கிறார். பின்னால் போய்க் கைதட்டினால் திரும்புகிறாளே என்கிறார். தன் அக்காவும் லேட்டாகத்தான் பேசியது என்கிறார்.

"தட்டத் தட்டுனாத் தரை அதிருதுங்க. கிட்டப் போய்க் கை தட்டுனாக் காத்துப் படுது. நாளெல்லாம் கூட இருக்கற எனக்குத் தெரியாதுங்களா" என்றாள். "அவரு கெட்டவரு இல்லீங்கக்கா. பிள்ளையத் தரையில விடமாட்டாரு. தலையில கத்தி வெப்பாங்கன்னு யாரோ சொல்லிட்டாங்க, அதுல இருந்து பயந்துக்கிட்டாரு."

கெஞ்சி, அழுது, சாப்பிடாமல் கிடந்து பார்த்திருக்கிறாள். கடைசியில் அவர், சாமி உத்தரவு கொடுத்தால் போகலாம் என்று இறங்கி வந்திருக்கிறார். அன்றைக்குக் கேட்கப்போகிற கேள்விகளில் கடைசிக் கேள்வி இவர்களுடையது. பூ வலப்பக்கம் விழுந்தால் மறுநாள் காலை பஸ்ஸில் சேலம். கலைந்துபோனால் அடுத்த பங்குனி வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

சொல்லி முடித்துவிட்டு அவள் தார்ப்பாயில் கிடந்த பலூன்களை ஒரு பார்வை பார்த்தாள். "சத்தம் மட்டும் வராம பாத்துக்குங்கக்கா" என்றாள்.

முதல் கேள்விகள் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு உத்தரவு கிடைத்தது. ஒருவர் கிணறு வெட்டுவதற்குக் கேட்டார், பூ இடப்பக்கம் விழுந்ததும் தலையைச் சொறிந்துகொண்டே போனார். பிள்ளைகளை நான் ஓசையில்லாத வேலையில் இறக்கியிருந்தேன். புதிதாக எதையும் முறுக்கவில்லை. இருக்கிற பலூன்களுக்கு ஸ்கெட்ச் பேனாவால் கண்ணும் மூக்கும் வரைந்து கொடுத்தேன். யார் வாயைத் திறக்காமல் இருக்கிறார்களோ அவர்களுக்கு அடுத்த கண் என்று சைகையில் சொல்லிவைத்திருந்தேன். அப்படி ஒரு ஒழுங்கை நான் எந்த விழாவிலும் பார்த்ததில்லை.

கடைசிக் கேள்விக்குப் பூ வைத்தார்கள். குழந்தையின் அப்பா சாமிக் கல்லுக்கு நேராக நின்றார். வெயிலில் காய்ந்த, ஒல்லியான மனிதர், மிளகுக்கொடி ஏறி ஏறிக் காலெல்லாம் காய்ப்பு. அம்மா கொஞ்சம் தள்ளிப் பெண்கள் வரிசையில் நின்றாள். குழந்தை என் முன்னால். அவள் குருவிக்கு நான் கண் வரைந்துகொண்டிருந்தேன். அவள் மூச்சுக் கூட விடாமல் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூ விழவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. பூசாரி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளங்கை வேர்த்துப் பேனா வழுக்கியது. என் வீட்டுக்காரரும் காவலை மறந்து கோயில் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று வந்தது. பெரிய காற்றுக் கூட இல்லை. பாயின் அந்தக் கோடியில் ஒரு பையன் வைத்திருந்த கறுப்புப் பன்றி மெதுவாக உருண்டது. நான் பார்த்துவிட்டேன். வாயைத் திறந்து கத்த முடியாது, எழுந்து ஓடினாலும் எட்டாது. அது பாயைத் தாண்டிப் போய்த் தொட்டாச்சிணுங்கிப் புதரில் உட்கார்ந்தது.

டமார் என்றது. மற்ற நாளாக இருந்தால் அது ஒரு சாதாரணச் சத்தம். அன்றைக்கு அந்த அமைதியில் வேட்டுப் போட்ட மாதிரி இருந்தது. பிள்ளைகள் வீல் என்று கத்திக்கொண்டு எழுந்தார்கள். ஒரு கைக்குழந்தை அழுதது. பலாமரத்திலிருந்து காக்கைகள் கலைந்து பறந்தன. கோயிலில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா மட்டும் திரும்பவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"யாரது?" என்றார் பூசாரி.

அப்போது என் வீட்டுக்காரர் ஒன்று செய்தார் பாருங்கள். வீட்டில் ஒரு டம்ளர் உடைந்தால் கூட நான் இல்லை என்கிற மனுஷன், கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் போய், "நாந்தானுங்க. தெரியாமக் காலு பட்டுருச்சு. என்ன செய்யறதா இருந்தாலும் என்னையச் செய்யுங்க" என்றார். நாலைந்து பேர் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருவர் சட்டையைப் பிடித்தார். நான் எழுந்து ஓடப் பார்த்தேன், முடியவில்லை. என் பாவாடை நுனியை... இல்லை, சேலை நுனியை யாரோ இழுத்தார்கள். பதற்றத்தில் இப்போதும் வார்த்தை மாறுகிறது.

மஞ்சள் பாவாடைதான் இழுத்தது. குருவிக்கு ஒரு கண்தான் வரைந்திருந்தேன். இன்னொரு கண் எங்கே என்று குருவியைக் காட்டிக் கேட்கிறாள். அவள் முகத்தில் திடுக்கிட்ட சாடை துளியும் இல்லை. சுற்றிலும் எல்லாப் பிள்ளையும் அலறி எழுந்து நிற்க, அவள் மட்டும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி, நான் எப்போது மிச்சத்தை வரைவேன் என்று காத்திருக்கிறாள்.

அதை நான் மட்டும் பார்க்கவில்லை. தலையைத் தூக்கியபோது அவள் அப்பா கோயில் வாசலில் நின்று இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டதும் எந்தத் தகப்பனுக்கும் தன் பிள்ளை பயந்திருப்பாளோ என்றுதானே கண் போகும். அப்படித்தான் அவருக்கும் போயிருக்கிறது. என் வீட்டுக்காரரைச் சுற்றி நின்ற கூட்டத்தை அவர் கண்டுகொள்ளவே இல்லை. விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"இன்னொண்ணு உடைங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அவளுக்குப் பின்னால நின்னு இன்னொண்ணு உடைங்கக்கா. அவ பாக்கக் கூடாது."

அத்தனை வருஷத் தொழிலில் ஒரு பலூனைக் கூட நான் வேண்டுமென்று உடைத்ததில்லை. உடைக்க என்னிடம் ஊக்கும் இல்லை. எப்போது எழுந்து வந்தாளோ, அந்த அம்மா தன் தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள், என்னிடம் இல்லை, புருஷனிடம். நான் இருப்பதிலேயே பெரிய பலூனை எடுத்து, வால் விடாமல் முழுக்கக் காற்றடித்துக் கொடுத்தேன். பிள்ளைகளை எல்லாம் வாயில் விரல் வைத்து உட்காரச் சொன்னேன். பிறகு குழந்தைக்கு முன்னால் உட்கார்ந்து, குருவியை வாங்கி, இரண்டாவது கண்ணை வரைய ஆரம்பித்தேன்.

அவர் காற்றுப் படாத தூரத்தில், அவளுக்கு நேர் பின்னால் போய் நின்றார். ஊக்கைப் பலூனுக்குப் பக்கத்தில் கொண்டுபோவதும் எடுப்பதுமாக நின்றார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. உடைத்தார். முந்தியதைவிடப் பெரிய சத்தம். எதிர்பார்த்திருந்தும் நான் துள்ளிவிட்டேன், பேனா இழுத்துக் குருவியின் கன்னத்தில் கோடு விழுந்துவிட்டது. குழந்தை அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுக் கையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். திரும்பவில்லை.

அவர் அங்கேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். குழந்தை தற்செயலாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் கையில் கிழிந்த பலூனைப் பார்த்ததும், பலூன் போய்விட்டது என்றுதான் அப்பா அழுகிறார் என்று நினைத்துக்கொண்டாள் போல. ஓடிப்போய்த் தன் குருவியை அவர் மடியில் வைத்தாள்.

"நீ சொன்னதுதான் புள்ள. காலையில பஸ்ஸுக்குப் போலாம்" என்றார் அவர், பெண்டாட்டியைப் பார்த்து. "கலைஞ்சாலும் பரவாயில்ல, பூ கேட்டது போதும்."

அப்போதுதான் கோயில் பக்கமிருந்து ஒருவர் பூசாரியைக் கூப்பிட்டார். எல்லோரும் போய்ப் பார்த்தால், கல்லின் மேல் பூ இல்லை. கீழே கிடந்தது, வலப்பக்கம். எப்போது விழுந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. பலூன் வெடித்ததற்கு முன்னாலா, அப்போதேவா, நாங்கள் எல்லோரும் மரத்தடியில் நின்றபோதா, யாரும் பார்க்கவில்லை. இது செல்லுமா செல்லாதா என்று பெரியவர்கள் இரண்டு பேர் ஆரம்பித்தார்கள். பூசாரி அந்தப் பூவை எடுத்துக் குழந்தையின் தலையில் வைத்தார்.

"சாமி உத்தரவு குடுத்துருச்சு. நாமதான் வேற பக்கம் பாத்துட்டிருந்தோம். போங்க, போய்ச் சோறு துன்னுங்க" என்றார்.

எனக்குப் போன உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது. சட்டையைப் பிடித்தவரே என் வீட்டுக்காரரைப் பந்தியில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அந்த அம்மா சாப்பிடவில்லை, சிரிக்கிறாளா அழுகிறாளா என்றும் தெரியவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கிளம்பும்போது, "ஊக்க மறந்துட்டேன், குடுங்க" என்று புருஷனிடம் நினைவாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வளைவுகளில் இறங்கும்போது என் வீட்டுக்காரரிடம், "ஏனுங்க, எதுக்கு நீங்க போய் ஏத்துக்கிட்டீங்க" என்று கேட்டேன். "காவலுக்கு நின்னது நான்தான புள்ள" என்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக அந்த மலையை நான் இறங்கியதில்லை.

ஆனால் அந்த நிம்மதி முழுசாக வர இன்னும் சில மாதம் ஆனது. சேலத்தில் சோதித்ததில் இரண்டு காதும் கேட்கவில்லை என்று உறுதியானது. அரசாங்கக் காப்பீட்டில் ஆபரேஷனுக்கு எழுதிக்கொடுத்து, அலைந்து திரிந்து, ஆவணியில் செய்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அவள் எனக்குப் போன் செய்வாள். காதில் கருவியை முதல் முதலாக ஓட விட்ட அன்றும் செய்தாள். "பயந்துக்கிட்டு ஓன்னு அழுதாங்கக்கா. அவங்கப்பன் அவ அழறதப் பாத்துச் சிரிக்கறாரு" என்றாள். நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள், இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் சிரமம் என்று டாக்டர் சொன்னாராம். போனை வைத்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். குழம்பு அடிப்பிடித்தது.

போன வருஷ நோம்பிக்கும் என்னைக் கூப்பிட்டார்கள். பலாமரத்தடியில் தார்ப்பாய் விரித்து ஒரு பலூனை முறுக்கிக்கொண்டிருந்தேன். உலர்ந்த விரலில் பலூன் கிறீச் கிறீச்சென்று கத்தும், பல் கூசும். சட்டென்று ஒரு சின்னக் கை வந்து என் கையைப் பிடித்து நிறுத்தியது. காதுக்குப் பின்னால் கருவி, நெற்றியில் சுருக்கம், என்னை நன்றாக முறைத்தாள்.

"அக்கா, சத்தம்" என்றாள். கொஞ்சம் குழறலாக, ஆனால் தெளிவாகப் புரிந்தது. பின்னால் நின்ற அவள் அப்பா, "இப்பெல்லாம் எங்க ஊட்ல ஒரு பாத்திரத்தக் கீழ வெக்க முடியறதில்லீங்க, திட்டறா" என்று பெருமையாகப் புகார் சொன்னார்.

இப்போதும் விழாக்களில் எப்போதாவது பலூன் வெடித்துவிடும். பிள்ளைகள் அலறும், அம்மாக்கள் முறைப்பார்கள். முன்பெல்லாம் நான் அவமானத்தில் தலையைக் குனிந்துகொள்வேன். இப்போது நிமிர்ந்து ஒவ்வொரு பிள்ளையாகப் பார்க்கிறேன், அத்தனை தலையும் சத்தம் வந்த பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.